அணையில் 50 அடி என்றால் மீனுக்கு எத்தனை அடி?

தக்கை | வெள்ளி, இரவு 9.10

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த வாரம் மூன்று நாள் விடுமுறை. நானும் அம்மான் மகனும் தூண்டிலோடு வைகை அணைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பேப்பரில் நீர்மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு வருகிறேன். போன மாதம் 60 அடிக்கு மேல் நின்றது, இன்று 50 அடிக்கு வந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் மீன் ஓரிடத்தில் சேரும், அள்ளலாம் என்கிறான் அவன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போய்ச் சேற்றை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவோமோ என்று எனக்குப் பயம். போய்வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த மீனானாலும் சரி, ஜிலேபிக் கெண்டை மட்டும் வேண்டாம். அது எங்கள் ஊர்க் கண்மாயிலேயே காலைக் கடிக்கிறது.

நரம்புமுள் | வெள்ளி, இரவு 9.48

தம்பி, முதலில் அனுமதி. வைகை நீர்த்தேக்கத்தில் மீன் உரிமை மீன்வளத்துறையிடமோ குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது போலப் போய்த் தூண்டிலைப் போட முடியாது. அங்கே கேட்டுக்கொண்டு, சரி என்றால் மட்டும் பையைத் திறக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள் கேட்ட அடிக் கணக்கு. ஐம்பதா அறுபதா என்பதை நான் பார்ப்பதே இல்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா? அதுதான் கேள்வி. ஒரே மாதத்தில் பத்து அடி இறங்கிய தண்ணீரில் கரையோரம் செத்துப்போயிருக்கும். புல் இல்லை, வேர் இல்லை, பூச்சி இல்லை. நேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் இன்று வெடித்த சேறு. முழங்கால் புதையும். மீன் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கரையிலிருந்து நீங்கள் வீசி எட்டும் தூரத்திலா சேரும்? நடு ஆழத்தில் சேரும். அது பரிசலும் வலையும் வைத்திருப்பவருக்குக் கொண்டாட்டம், தூண்டில்காரனுக்குப் பட்டினி.

மட்டம் ஒரு வாரம் அசையாமல் நின்ற பிறகு போங்கள். அதைவிட நல்லது, மழைக்குப் பின் தண்ணீர் மெல்ல ஏறிப் புல்லை நனைக்கும் நாட்கள். காய்ந்த தரையில் இருந்த புழுவும் எறும்பும் மிதக்கும். கெண்டை முட்டிக்கொண்டு வரும்.

தக்கை | வெள்ளி, இரவு 10.02

நன்றி அண்ணே. அப்படியென்றால் அமராவதி?

நரம்புமுள் | வெள்ளி, இரவு 10.05

அங்கே முதலை இருக்கிறது. அம்மான் மகனை முன்னால் விட்டுப் பின்னால் போங்கள்.

கலுங்கு | சனி, காலை 5.55

பாசனப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடிக்கணக்கில் எல்லாரும் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வைகை அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி. 1959இல் திறந்தார்கள். 71இல் 50 இருக்கிறதே, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு என்று மனக்கணக்குப் போடுவீர்கள். தவறு. நீர்த்தேக்கம் சிமென்ட் தொட்டி அல்ல, தேங்காய்ச் சிரட்டை. அடி குறுகியது, வாய் அகன்றது. கூம்பான ஒரு கிண்ணத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அதில் இருப்பது பாதியல்ல, எட்டில் ஒரு பங்கு. அணை அத்தனை கூம்பு இல்லைதான். ஆனாலும் மேலே இருக்கிற ஓர் அடியும் கீழே இருக்கிற ஓர் அடியும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு அடியில் அறுபது ஆண்டுக்கு மேலான வண்டல். பேப்பரில் போடும் அடியில் அந்த வண்டல் தெரியாது.

அந்த எண் யாருக்காக என்றும் பார்க்க வேண்டும். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இவை ஆற்றங்கரை மக்களுக்கு. எத்தனை அடியில் எந்தப் பாசனத்துக்குத் திறப்பது என்பது விவசாயிக்கு. வைகைப் பூர்வீகப் பாசனத்தில் இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மூன்றும் 7:3:2 என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. கூடவே குடிநீர். இத்தனை பேர் கணக்குக்கும் நடுவே மட்டம் ஏறி இறங்குகிறது. மீனின் கணக்கு அதில் எங்கேயும் இல்லை.

நம் மாவட்டத்தில் வைகை திருப்புவனம், மானாமதுரை வழியாகப் போய்விடுகிறது. செட்டிநாட்டுக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. நமக்கு மழையும் கண்மாயும்தான். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் 262 கிலோமீட்டர். வரட்டும், அப்போது பேசலாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் ஊர்க் கண்மாயில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியுமா? அணை மட்டம் விரல் நுனியில் இருக்கிறதே, அதற்காகக் கேட்டேன்.

தக்கை | சனி, காலை 6.20

தெரியாது ஐயா. சுருக்கென்றுதான் இருக்கிறது. இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தேவகோட்டை ஆச்சி | சனி, காலை 7.30

கண்மாய் என்றதும் எழுதத் தோன்றியது. நான் சிறுமியாக இருந்தபோது சித்திரையில் கண்மாய் அழிப்பார்கள். இப்போது மீன்பிடித் திருவிழா என்று செய்தியில் போடுகிறார்கள், எங்களுக்கு அது அழிகண்மாய். தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். விடியும் முன்பே கரை கொள்ளாத கூட்டம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவர் கால் நனைக்கக் கூடாது. வீசிவிட்டால் போதும், ஊத்தாக் கூடை, கச்சா, பரி என்று மீன் பிடிக்கும் சாமானோடும், ஒன்றுமில்லாதவர் சேலையோடும் வேட்டியோடும் இறங்கிவிடுவார்கள். ஊத்தாவைக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும்போது உள்ளே மீன் இடித்தால் தோள்பட்டை வரை அதிரும் என்பார் எங்கள் வீட்டு வண்டிக்காரர்.

எங்கள் அப்பச்சி மீன் தொடமாட்டார். ஆனாலும் கரையில் போய் நிற்பார். வீட்டுக்கு வரும் விராலை என் ஆத்தா கொல்லைக் கல்லில் போட்டுச் சாம்பலும் கல்லுப்பும் தூவி உரசுவார். வழுவழுப்பு போகும் வரை விடமாட்டார். சாம்பல் இல்லாமல் விரால் கழுவினால் அது கழுவியதே அல்ல.

தக்கை | சனி, காலை 9.15

போய்வந்தேன். வெறுங்கையோடு போக மனமில்லாமல் ரப்பர் தவளையைக் கட்டிய தூண்டிலோடு போனேன்.

கண்மாயில் பாதிதான் தண்ணீர். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். தெற்கு ஓரத்தில் கோரைக்கு நடுவே கைப்பாய் அளவில் தண்ணீர் செந்நிறமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் குமிழி என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் குஞ்சுகள். அரை விரல் நீளம், ஆரஞ்சு நிறம், நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு ஒன்றாகவே கீழே போகின்றன. வெந்தயத்தைப் பிடிப்பிடியாக அள்ளித் தூவியது போல ஒரு சத்தம். தவளையை அதன் நடுவே போட்டேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. விரால். முழங்கை நீளத்துக்கு மேல். கரையில் போட்டுப் படம் எடுத்தேன்.

நரம்புமுள் | சனி, காலை 9.22

எடுத்த பிறகு?

தக்கை | சனி, காலை 9.31

பையில் இருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறது.

நரம்புமுள் | சனி, காலை 9.34

பேசாமல் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கே திரும்ப ஓடுங்கள். அந்தக் குஞ்சுக்கூட்டத்தைக் காத்துக்கொண்டிருந்த விரால் அது. பசியில் தவளையைக் கடிக்கவில்லை, குஞ்சை அண்டியதற்காகக் கடித்தது. அதைத் தூக்கிவிட்டால் ஜிலேபியும் கெளுத்தியும் நீர்க்காகமும் ஒரே நாளில் அத்தனையையும் தின்றுவிடும். செங்குஞ்சு மிதக்கும் இடத்தில் தூண்டில் போடுவது எனக்குத் தெரிந்த எல்லாக் கரையிலும் கேவலம்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, காற்றையும் குடிக்கும். ஈரச்சாக்கில் வைத்திருந்தால் தாங்கும். எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

பினாங்குப் பேரன் | சனி, காலை 10.40

இங்கே மலேசியாவில் இதே மீனுக்கு ஹாருவான் என்று பெயர். இதே ரப்பர் தவளைதான், இதே குஞ்சுக்கூட்டச் சண்டைதான். வாரத்துக்கு ஒருமுறையாவது அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஐயா கானாடுகாத்தானிலிருந்து வந்தவர். கப்பல் ஏறிய பிறகும் அவர் மறக்காதது வீடல்ல, ஊருணிப்படி என்பார் அப்பச்சி.

தக்கை | சனி, முற்பகல் 11.25

விட்டுவிட்டேன். கோரைக்குள் போட்டதும் நொடி நேரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பயந்துவிட்டேன். பிறகு ஒரு சுழற்று, காணோம். குஞ்சுகள் அதே இடத்தில் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தன, என் கண்ணோ என்னவோ.

இன்னொன்று பார்த்தேன். காலையில் மடைக்கல்லில் தண்ணீர் தொட்ட இடத்துக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்கு ஈரம் காயாமல் கோடு கட்டி நின்றது. நேற்று அங்கே இருந்த தண்ணீர் அது. ஒரு நாளில் நான்கு விரல் குறையுமா ஐயா?

கலுங்கு | சனி, மதியம் 12.10

நான்கு விரல் ஏறக்குறைய மூன்று அங்குலம். தை மாத வெயிலில் ஒரு நாளைக்கு ஆவியாவது அரை சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், கால் அங்குலம்கூட முழுதாக வராது. இந்தத் தண்ணீரை வெயில் குடிக்கவில்லை. மடை திறந்திருக்கிறது.

கண்மாய் சிரட்டையும் அல்ல, தாம்பாளம். முந்நூறு அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஓர் அடி இறங்கினால் கரை முந்நூறு அடி பின்வாங்கும். மூன்று அங்குலம் என்றால் ஒரே இரவில் எழுபத்தைந்து அடி. நீங்கள் பார்த்த கோரை நாளைக்குத் தரையில் நிற்கும். விரால் நகர்ந்துவிடும். கோரையில் ஒட்டியிருக்கும் கெண்டை முட்டைக்குக் கால் இல்லை.

கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய குமிழித்தூம்பில் இரண்டு துளை உண்டு. மேலே நீரோடி, தரையோடு சேறோடி. தெளிந்த நீர் ஒன்றில், வண்டல் மற்றொன்றில். எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்பதை நீர்ப்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். அவருக்கு ஊர் நெல் அளக்கும். இப்போது ஷட்டர் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. யாரிடம் தம்பி?

தக்கை | சனி, மதியம் 12.40

விசாரித்தேன். மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாய் மீனை ஏலம் எடுத்தவரிடம். பிடிப்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். பின்னடியாக, தாமதித்து நட்ட நாலைந்து வயலுக்காகத் திறந்தது என்றும் ஒருவர் சொன்னார்.

குத்தகைக்காரன் | சனி, மாலை 4.05

அந்தக் கண்மாய் என்னுடையது அல்ல, வேறு ஊரில் எடுத்திருக்கிறேன். ஆனால் எங்களைத் திருடர்கள் போலப் பேசுவதால் எழுதுகிறேன்.

கட்லா, ரோகு, மிருகால் தேங்கிய தண்ணீரில் இனம் பெருக்காது. அதற்கு ஆற்று வெள்ளம் வேண்டும். ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறை 1957இல் வந்த பிறகுதான் கண்மாய்க்குக் குஞ்சு கிடைக்கிறது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கி விடுகிறேன். ஏலத் தொகையை முன்னாலேயே கட்டிவிட்டேன். மழை பொய்த்தால் யாரும் திருப்பித் தருவதில்லை.

தண்ணீரை வைத்துக்கொள் என்கிறீர்கள். பங்குனி, சித்திரையில் இரண்டடித் தண்ணீர் காய்ச்சிய கஞ்சி போல இருக்கும். இரவெல்லாம் பாசி காற்றை இழுத்துக்கொள்ளும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரே காலையில் செத்து மிதந்தால் நாற்றத்துக்கும் என்னைத்தான் திட்டுவீர்கள். அதற்கு முன் விற்றுவிடப் பார்ப்பது குற்றமா?

ஜிலேபி பற்றியும் சொல்கிறேன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண் ஜிலேபி ஓரத்தில் தட்டுப் போலக் குழி பறிக்கும். தண்ணீர் இறங்கியதும் சேற்றில் வரிசையாகத் தட்டுகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். முட்டையெல்லாம் காய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். காயாது. தாய் அதை வாயில் வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். விரால் முட்டை பாசிக்கு நடுவே மிதக்கிறது, கெண்டை முட்டை செடியில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் போனால் அவை போயின. மட்டத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும் எந்த நீரிலும், அணையோ கண்மாயோ, கடைசியில் ஜிலேபிதான் மிஞ்சும். அதை வளர்த்தது நான் மட்டும் அல்ல.

நரம்புமுள் | சனி, மாலை 4.50

ஜிலேபி முட்டை காய்ந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடுகிறவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

குத்தகைக்காரன் | சனி, மாலை 5.02

அது தடை செய்யப்பட்ட மீன். நான் விடுவதில்லை. விடுகிறவன் கண்மாயில் என் குஞ்சையும் சேர்த்துத்தான் அது தின்கிறது.

கொள்ளுக்குடி நாரை | சனி, இரவு 8.15

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து. எங்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் கண்மாய்கள்தான், 1977இல் அறிவித்தார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது, எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, நாரைக்குத் தண்ணீர் வேண்டியது குடிப்பதற்கு மட்டும் அல்ல. கூடு கட்டிய கருவேலமரத்தின் அடி தண்ணீரில் நிற்க வேண்டும். அதுதான் அதற்குக் கதவு. குஞ்சு பறக்கும் முன்பே அடித்தரை காய்ந்தால் பூனையும் நரியும் வந்துவிடும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் இரை தேடுவதோ சரணாலயத்துக்குள் அல்ல, சுற்றியுள்ள உங்கள் கண்மாய்களின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில். நீங்கள் எல்லாரும் சண்டை போடுவது அந்த ஓர் அடித் தண்ணீருக்காகத்தான்.

சரணாலயத்துக்குள் தூண்டிலோடு வந்துவிடாதீர்கள். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

தக்கை | ஞாயிறு, மாலை 6.30

இன்று ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரோடு மடைக்குப் போனோம். குத்தகை எடுத்தவரும் வந்தார். பின்னடி வயலுக்குத்தான் திறந்தேன் என்றார். அந்த வயல்காரரும் கூட்டத்தில் இருந்தார். எனக்குத் தண்ணீர் போதும் போதும் என்று மூன்று நாளாகச் சொல்கிறேனே என்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

பிறகு பேரம். கலுங்கு ஐயா எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். குத்தகைக்காரர் அண்ணன் எழுதியதையும் சேர்த்துத்தான் வாசித்தேன், அதைக் கேட்டதும் இவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பெரிய மீனை இப்போதே ஆழத்தில் வலை போட்டு எடுத்துக்கொள்வது, மடையை அடைப்பது, மாடு குடிக்கவும் கிணறு ஊறவும் இருக்கிற தண்ணீர் நிற்பது என்று முடிந்திருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. ஷட்டரை இறக்கினார்கள். முழுதாக உட்காரவில்லை, அடியில் கல் சிக்கியிருக்கிறது, இன்னும் ஒழுகுகிறது.

மடைக்கல்லில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தேன். சாணுக்கு ஒன்றாக ஐந்து கோடு. இப்போது தண்ணீர் மூன்றாவது கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

கலுங்கு | ஞாயிறு, இரவு 7.05

சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது. பெயின்ட் அடியுங்கள். கோடுகளைக் கலுங்கின், அதாவது நிரம்பிய நீர் வழியும் இடத்தின், மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்து போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. ஷட்டருக்கு அடியில் இருக்கும் கல்லை நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்தால் அதுவரை தாங்கும்.

நரம்புமுள் | ஞாயிறு, இரவு 7.20

வைகைப் பயணம் என்ன ஆயிற்று?

தக்கை | ஞாயிறு, இரவு 7.41

அம்மான் மகன் பையைக் கட்டிவிட்டான், இறக்க மறுக்கிறான். அனுமதி கிடைத்தால் ஒரு நாள் மட்டும் போய்வருகிறோம். இன்றைய பேப்பரில் 49 அடி. இன்னும் இறங்குகிறது.

நரம்புமுள் | ஞாயிறு, இரவு 7.44

அப்படியென்றால் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டை கொண்டுபோங்கள், மண்புழுவும் வேண்டும். ரப்பர் தவளையை வீட்டில் வைத்துவிடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி | ஞாயிறு, இரவு 8.30

கட்லா கிடைத்தால் செதிலை எடுத்துவிட்டு மோரும் மஞ்சளும் போட்டுக் கால் மணி நேரம் வைத்துவிடு தம்பி, சேற்று வாடை போகும். விரால் கிடைத்து, குஞ்சு இல்லாத விராலாக இருந்தால், சாம்பலுக்கு என்னிடம் வா. எங்கள் வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு இன்னும் எரிகிறது.